ஆடுதான் என்று சொன்னேன்

கட்டுநாயக்க விமான நிலையத்தில் என் பெட்டியைத் திறந்த சுங்க அதிகாரி, பெட்டியையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார். வெளியே, காட்டன் புடவையும் நெற்றியில் திருநீறுமாக ஒரு பெண்மணி. உள்ளே, குத்தூசிகள், பிறை மாதிரி வளைந்த கத்தி, மரச் சுத்தியல், பல் பல்லாக இரும்புச் சாமான்கள். அவர் பக்கத்து ஆளிடம் சிங்களத்தில் ஏதோ சொல்ல, இரண்டு பேரும் சிரித்தார்கள். அந்தப் பக்கத்து ஆளுக்குக் கொஞ்சம் தமிழ் தெரியும். "அம்மா பல்லு புடுங்குற டாக்டரான்னு கேக்குறாரு" என்றார். இல்லை ஐயா, தோலில் பை தைக்கிறவள் என்றேன். அதற்கு இன்னும் கொஞ்சம் சிரித்துவிட்டுப் பெட்டியை மூடிக் கொடுத்தார்கள்.

நான் திண்டுக்கல்காரி. கூட்டுறவு வங்கியில் கணக்குப் பார்த்து ஓய்வு பெற்றவள். சிலருக்குச் சீட்டாட்டம், சிலருக்கு டி.வி. சீரியல், எனக்குத் தோல் தைக்கிற கிறுக்கு. எங்கள் ஊரில் தோல் பதனிடுகிற ஷாப்புகள் இருக்கிற பக்கம் மூக்கைப் பொத்திக்கொண்டு ஓடுகிறவர்கள்தான் அதிகம். நான் அந்த வாடைக்கே உள்ளே நுழைகிறவள். பர்ஸ், பெல்ட், மூக்குக் கண்ணாடி உறை என்று கை சும்மா இருக்காது. வாயும் சும்மா இருக்காது. அதனால் என்னைப் போன்ற கிறுக்குகளுக்கென்று வாட்ஸப்பில் ஒரு குழு ஆரம்பித்து, ஊருக்கெல்லாம் புத்தி சொல்லிக்கொண்டிருந்தேன்.

என் உபதேசம் இதுதான். நாற்பது சாமான் அடங்கிய பெட்டி என்று இணையத்தில் விற்பதை வாங்காதே, அதில் முக்கால்வாசி குப்பை. நல்ல கத்தி ஒன்று, குத்தூசி ஒன்று, முனை மழுங்கிய ஊசி இரண்டு, மெழுகு நூல், துளையை வரிசையாகக் குத்துகிற பல்லுளி. இதற்கு மேல் வாங்கினால் அது ஆசை, தேவை இல்லை. பல்லுளிக்கு வழியில்லையா, வீட்டு முள்கரண்டியால் அழுத்தி அடையாளம் போட்டுக்கொள். அடியில் வைக்க, சமையல் மேடை போட்டு மிஞ்சிய கிரானைட் துண்டு; அதன் மேல் காய் நறுக்குகிற பிளாஸ்டிக் பலகை. தோல் வாங்கினால் மரப்பட்டையில் பதனிட்ட பட்டைத் தோலாக வாங்கு. ரசாயனத்தில் பதனிட்ட குரோம் தோல் பார்க்கப் பளபளக்கும், வெட்டிய ஓரம் மினுங்காது. அந்த ஓரத்தை மினுக்கத் தண்ணீரைவிட எச்சில் மேல். விரலை நாக்கில் தொட்டுத் தடவித் துணியால் தேய்த்தால் கண்ணாடி மாதிரி வரும். இந்தக் கடைசி யோசனைக்குக் குழுவில் எத்தனை கைதட்டல்! இப்போது அதைத் திரும்பப் படிக்க முடியவில்லை.

ரிஸ்னா அந்தக் குழுவில்தான் எனக்குக் கிடைத்தாள். கண்டிக்கு வடக்கே, மாத்தளை போகிற வழியில் அக்குறணை என்ற ஊர். வீட்டிலிருந்தபடி திரைச்சீலையும் பள்ளிச் சீருடையும் தைப்பாள். கணவர் கத்தாரில். வாப்பா, அதாவது அவளுடைய அப்பா, கிராம்பு ஏலம் கறுவா வாங்கி விற்கிறவர். முதல் தடவை போனில் பேசும்போது அவள் என்னைத் 'தாத்தா' என்றதும் எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. அவர்கள் பக்கத்து முஸ்லிம்கள் அக்காவை அப்படித்தான் கூப்பிடுவார்களாம். சொல்லிவிட்டு விழுந்து விழுந்து சிரித்தாள். கூடப் பிறந்தது ஒன்றும் இல்லாத எனக்கு அந்த வார்த்தை அப்படியே ஒட்டிக்கொண்டது.

அவள் வாப்பா எழுபது தாண்டியவர். இப்போதுதான் முதல் தடவையாக மக்காவுக்கு உம்ரா யாத்திரை போகிறார். கையில் கொஞ்சம் சேரும்போதெல்லாம் ஒரு மகள் கல்யாணம் வரும், இல்லையென்றால் கடைக்குள் வெள்ளம் வரும். இந்த வருஷம் இரண்டும் வரவில்லை. கடவுச்சீட்டும் மருந்தும் வைத்துக்கொள்ளப் பையோடு சேர்ந்த இடுப்புப் பட்டி ஒன்றை அவருக்காக ரிஸ்னா தன் கையாலேயே தைத்தாள். "வாப்பா போக முந்தி வந்து பாருங்க தாத்தா. நீங்க சொல்லித் தந்து நான் செஞ்ச பெரிய வேலை இதுதான்" என்றாள். பிறந்ததிலிருந்து கடல் தாண்டாதவள், அந்த ஒரு பேச்சுக்காகக் கிளம்பிவிட்டேன்.

புதன்கிழமை சாயங்காலம் கண்டியில் அக்குறணை பஸ் ஏறினேன். எங்கள் ஊர் மினி பஸ்ஸையே மலையில் ஓட்டினால் எப்படியோ அப்படி ஒரு ஓட்டம். நடத்துனர் படியில் தொங்கிக்கொண்டு ஊர்ப் பெயர்களை ஒரே மூச்சில் கத்துகிறார். முன்பின் தெரியாத பெண்களை இங்கே கூப்பிடுகிறபடி 'மிஸ்' என்று கூப்பிட்டு, என் பெட்டியை ஓட்டுநர் பக்கத்தில் வைக்கச் சொன்னார்கள். ஒரு வளைவில் அது தானாக நகர்ந்து கியரில் முட்ட, ஓட்டுநர் என்னைப் பார்த்த பார்வையில் நான் பெட்டியின் மேலேயே உட்கார்ந்துகொண்டேன். அக்குறணை வரைக்கும் அப்படியே வந்தேன்; இறங்கியதும் மழை.

வீட்டு வாசலில் ரிஸ்னா ஓடி வந்து கட்டிக்கொண்டாள். போனில் பார்த்ததைவிட ஒல்லி. "வாங்க தாத்தா, வாங்க, நனைஞ்சிட்டீங்களே!" என்று துவாலை எடுத்து அவளே என் தலையைத் துவட்டினாள். சீனி போட்ட வெறும் தேநீர், அதை இங்கே பிளேன்டீ என்கிறார்கள். கூட இடியப்பம், தேங்காய்ச் சம்பல், மாட்டிறைச்சி வேண்டாம் என்று எனக்கென்று தனியாகச் செய்த பலாக்கொட்டைக் கறி. வாப்பா கதிரையிலிருந்து எழுந்து நின்று, "வாங்க மகள், ரோட்டுல கஷ்டமா ஈந்திச்சா?" என்று கேட்டார். தும்பைப்பூ மாதிரி வெள்ளைச் சட்டை. பக்கத்தில் போனாலே கிராம்பு மணம்.

சாப்பிட்ட கையோடு அவள் தைக்கிற அறையைப் பார்த்தேன். சின்ன அறைதான், ஆனால் என் வாய் அடைத்துப்போயிற்று. திண்டுக்கல் வெயிலில் தோலை ஒரு நாள் மறந்தால் அப்பளமாகிவிடும். இந்த ஊர் ஈரத்தில் ஒரு வாரம் மறந்தால் பூசணம் பூக்கும். எண்ணெய் போடு, மெழுகு போடு என்று நான் குழுவில் சொன்னதெல்லாம் இங்கே பாதிதான் செல்லும். அவள் துணியில் ஒரு சொட்டுக் கிராம்பு எண்ணெய் விட்டுத் தோலின் பின்புறம் துடைத்து, காற்று படத் தொங்கவிட்டிருந்தாள். பூசணம் அண்டவில்லை. "இதைக் குழுவுல சொல்லியிருக்கலாமே" என்றேன். "நீங்க சொல்ற எடத்துல நான் என்ன சொல்ற தாத்தா" என்றாள்.

பிறகு அலுமாரியைத் திறந்து, துணியில் சுற்றி வைத்திருந்த பட்டியை எடுத்து என் மடியில் வைத்தாள்.

மேலே பழுப்புப் பட்டைத் தோல், தையல் ஒரு நூல் பிசகவில்லை. ஓரம் அவ்வளவு மினுக்கம். எனக்கே இந்த ஓரம் வராது, பொய் சொல்லவில்லை. "அடியே, என்னைத் தூக்கிச் சாப்பிட்டுட்டியே!" என்று கத்தினேன். வாப்பா வாசலில் நின்று சிரித்தார். "மௌலவிகிட்டேயும் கேட்ட, மகள். உம்ராக்கு உடுக்குற இஹ்ராம் துணி தைச்சதா ஈக்கக் கூடாதே, அதுக்கு மேல தைச்ச பட்டி கட்டலாமா எண்டு. தாராளமாக் கட்டலாம் எண்டு சொன்ன" என்றார். நான் தலையாட்டிக்கொண்டே பட்டியைத் திருப்பி உள்பக்கம் பார்த்தேன்.

உள்ளே இளமஞ்சள் லைனிங் தோல். அதில் மயிர்த் துளைகள் மும்மூன்றாக, குட்டி முக்கோணம் முக்கோணமாக இருந்தன. ஆட்டுத் தோலில் துளை அப்படி வராது. மாட்டுத் தோலிலும் வராது. தோல் தொட்டுப் பழகினவர்களுக்கு அதில் சந்தேகமே கிடையாது. அது பன்றித் தோல்.

அதை அனுப்பியவள் நான். சில மாதம் முன்னால், கொழும்புக்கு வந்துபோகிற தெரிந்த ஜவுளி வியாபாரி ஒருவர் கையில், கடையில் கலப்பாகக் கட்டி விற்கிற லைனிங் துண்டுகளை ஒரு கட்டு கொடுத்துவிட்டேன். பிரித்துக்கூடப் பார்க்கவில்லை. கட்டு வந்து சேர்ந்த அன்று ரிஸ்னா போன் பண்ணி, "தாத்தா, இது என்ன தோல்?" என்று கேட்டாள். நான் அடுப்பில் தாளித்துக்கொண்டிருந்தேன். "ஆடுதான், வேறென்ன" என்றேன்.

எனக்கு எல்லாத் துண்டும் லைனிங்தான். எந்த மிருகம் என்பது என் வீட்டில் ஒரு கேள்வியே இல்லை. அவள் வீட்டில் அதுதான் முதல் கேள்வி, கேட்கவும் செய்தாள். அந்தப் பட்டியை மடியில் வைத்துக்கொண்டு, "நல்லாருக்கு, நல்லாருக்கு" என்று கிளிப்பிள்ளை மாதிரி சொன்னதையே சொல்லிக்கொண்டிருந்தேன். வாப்பா அதை வாங்கி இடுப்பில் கட்டிக் கண்ணாடி முன்னால் நின்று பார்த்தார். அந்த முகத்தைப் பார்த்துக்கொண்டு எப்படிச் சொல்வது? நாளைக்கு அவளைத் தனியாகக் கூட்டிப்போய்ச் சொல்லலாம் என்று என்னை நானே சமாதானப்படுத்திக்கொண்டேன்.

வியாழக்கிழமை தனியாகத்தான் போனோம். கண்டிப் பட்டணத்தில் சாமான் வாங்கலாம் என்று அவள்தான் கூப்பிட்டாள். வாவியைச் சுற்றிக் காட்டினாள். எனக்கு வாவி எங்கே கண்ணில் பட்டது! சந்தைப் பக்கத்துச் சந்தில், அவள் வழக்கமாகப் போகிற சப்பாத்துச் சாமான் கடைக்குப் போனோம். ரப்பர் அடி, பசை டின், கொக்கி, வளையம் எல்லாம் கூரை வரைக்கும். கடைக்காரர் தமிழர். "வாங்கம்மா, இந்தியாவுலருந்தா? எனக்குத் தெல்தோட்டைங்க, கடை மட்டுந்தான் இங்க" என்று கதிரையைத் தட்டிப் போட்டார்.

இந்தக் கடையைப் பற்றி நாலு வரி சொல்லத்தான் வேண்டும், புதிதாகத் தைக்கிறவர்களுக்கு உதவும். தோல் வேலைக்கென்று தனிக் கடை எந்த ஊரிலும் தேடாதீர்கள். செருப்புத் தைக்கிறவர்கள் எங்கே சாமான் வாங்குகிறார்களோ அங்கே போங்கள். இங்கே கிடைத்த பித்தளைக் கொக்கிகள், நான் இணையத்தில் வாங்குவதைவிடக் கனம். நூலில் மட்டும் ஏமாறக் கூடாது; நைலான் நூலை மெழுகு நூல் என்பார்கள். நகத்தால் கீறிப் பாருங்கள், நகத்தில் மெழுகு வர வேண்டும். கத்தி வாங்கினால் அன்றைக்கே தீட்டுங்கள், கடைக் கத்தி எதுவும் தோலுக்கு ஆகாது.

ரிஸ்னா லைனிங் கேட்டாள். "ஆட்டு லைனிங் இப்ப வர்றதில்லீங்க, ரெக்சின்தான் இருக்கு" என்றார் கடைக்காரர். "பல்லேகலப் பக்கம் தொழிற்சாலைக் கழிவுத் துண்டு மூட்டை மூட்டையா விப்பாங்க, அள்ளிக்கிட்டு வரலாமே?"

"அதுல எதோட எது கலந்து ஈக்கோ, யாருக்குத் தெரியும்? நான் அத வாங்குறல்ல" என்றாள் ரிஸ்னா. பிறகு என் தோளைத் தொட்டுக்கொண்டு, "எனக்கென்ன கவலை, எங்கட தாத்தா இந்தியாவுல ஈந்து ஆட்டு லைனிங் அனுப்புற" என்றாள்.

கடைக்காரர் என்னைப் பார்த்தார். நான் தலையாட்டினேன். ஆமாம், தலையாட்டினேன். முதல் நாள் இரவு வாய் திறக்காததற்காவது ஒரு சாக்கு இருந்தது, வாப்பா பக்கத்திலேயே நின்றார். இந்தத் தலையாட்டலுக்கு ஒரு சாக்கும் இல்லை.

மத்தியானம் கொட்டித் தீர்த்தது மழை. திரும்பி வந்த பஸ் அக்குறணைக்குக் கொஞ்சம் முன்னாலேயே நின்றுவிட்டது. ஆறு ரோட்டில் ஏறிவிட்டது என்றார்கள். யாரும் அலட்டிக்கொள்ளவில்லை. எங்கள் ஊரில் வெள்ளம் என்றால் செய்தி, இங்கே அது சொல்லிவிட்டு வருகிற விருந்தாளி. சாமானை உயரத்தில் ஏற்றிவிட்டுக் கடைக்காரர்கள் படியில் உட்கார்ந்து கதை பேசினார்கள். ஒரு தேநீர்க் கடையில் ஒதுங்கினோம். பக்கத்து மேசையில் இரண்டு சிங்களக் கிழவர்கள் என் புடவையைப் பார்த்து ஏதோ பேச, என்ன என்று ரிஸ்னாவைக் கேட்டேன். "இந்த அம்மா மழையையும் இந்தியாவுல ஈந்து கொண்டு வந்தவவாம்" என்றாள். சிரித்தேன்.

இதைவிட நல்ல சந்தர்ப்பம் வராது என்று தெரிந்தது. தண்ணீர் வடியும் வரை அவள் எங்கேயும் போக முடியாது, நானும் போக முடியாது. "ரிஸ்னா, அந்தப் பட்டி" என்று ஆரம்பித்தேன்.

"அந்த ஓரம் எப்பிடி வந்திச்சு பார்த்தீங்களா தாத்தா?" என்றாள் கண் மலர. "நீங்க சொன்ன மாதிரியே, தண்ணி வைக்கல்ல. வெரல நாக்குல தொட்டுத் தொட்டுத்தான். மேல் தோலும் லைனிங்கும் ஒண்ணா சேர்ந்து கண்ணாடியா வார வரைக்கும், ரெண்டு கிழமை, அல்லாஹ்ட பேரச் சொல்லித் தஸ்பீஹ் ஓதிக்கிட்டே செஞ்ச."

அவள் உதட்டையே பார்த்துக்கொண்டிருந்தேன். தோலைச் சொன்னால் இதையும் சேர்த்துத்தான் சொல்ல வேண்டும். என்னால் முடியவில்லை. "பட்டி ரொம்ப நல்லாருக்குன்னு சொல்ல வந்தேன்" என்றேன். கோழைத்தனத்துக்கு வேறு பெயர் கிடையாது. தண்ணீர் வடிந்ததும் முழங்கால் சேற்றில் செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு வீடு வந்து சேர்ந்தோம்.

வெள்ளிக்கிழமை வானம் வெளுத்திருந்தது. அன்றைக்கு ஜும்ஆ, பள்ளிவாசலில் கூட்டாகத் தொழுகிற நாள். பிறகு வீட்டில் வாப்பாவை வழியனுப்பும் விருந்து. மறுநாள் காலை அவர் கிளம்புகிறார். காலையிலிருந்தே சமையல். அடுப்பங்கரையில் வெங்காயம் உரிக்கும் சாக்கில் உட்கார்ந்திருந்தேன், அழுதால் வெங்காயத்தின் மேல் போடலாம். அப்போது வாப்பா குளித்து அத்தர் பூசி வந்தார். வெள்ளைக் கைலியின் மேல் அந்தப் பட்டி. "அங்க போய்ப் புதுசாக் கட்டினா கூச்சமா ஈக்கும், இண்டைக்கே பழகுறன்" என்று சொல்லிச் சட்டையை இறக்கிவிட்டுக்கொண்டார்.

வாசல் வரை பின்னாலேயே போனேன். நில்லுங்கள் என்று ஒரு வார்த்தை போதும். ஏதாவது பொய்யாவது சொல்லியிருக்கலாம், தையல் ஒன்று விட்டிருக்கிறது, சரிபண்ணித் தருகிறேன் என்று. கற்பனை நிறைய உள்ளவள் நான், அந்த நேரத்தில் ஒன்றும் வரவில்லை. அவர் குடையை எடுத்துக்கொண்டு இறங்கிப் போனார். படியில் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன்.

விருந்து இவர்கள் வழக்கப்படி சஹனில். பெரிய தாம்பாளத்தில் சோற்றைக் குவித்து, சுற்றி உட்கார்ந்து, எல்லோரும் ஒரே தட்டில் கை வைத்து உண்பது. என்னை ரிஸ்னாவும் அவள் மாமிகள் இரண்டு பேரும் சேர்த்துக்கொண்டார்கள். எனக்காக அந்தச் சஹனில் கோழி மட்டும்தான். நல்ல துண்டையெல்லாம் ரிஸ்னா என் பக்கம் தள்ளினாள். "சாப்பிடுங்க தாத்தா, வெக்கப்படாதீங்க." எங்கள் வீட்டில் ஒருவர் எச்சில் ஒருவருக்கு ஆகாது என்று தட்டையே தனித்தனியாக அடுக்கி வைப்போம். இங்கே ஒரே தட்டில் எனக்கும் ஓர் ஓரம் கொடுத்து உட்காரவைத்திருக்கிறார்கள்.

கடைசியில் இனிப்புக்கு வட்டிலப்பம் வந்த நேரம் வாப்பா பெண்கள் பக்கம் வந்து எட்டிப் பார்த்தார். "மகள், அங்க கஃபாவுக்கு முன்னுக்கு நின்டு எல்லாருக்கும் துஆ கேக்கப் போறன். உங்களுக்கு என்ன கேக்க?" என்றார்.

அதற்கு மேல் என்னால் ஆகவில்லை. எழுந்து ரிஸ்னாவின் கையைப் பிடித்துத் தையல் அறைக்குள் இழுத்துப் போனேன். கதவைக்கூடச் சாத்தவில்லை. "ரிஸ்னா, அந்த லைனிங் ஆடு இல்லைம்மா. பன்றி" என்றேன்.

அவள் முதலில் சிரித்தாள், நான் ஏதோ வேடிக்கை பண்ணுகிறேன் என்று. பிறகு என் முகத்தைப் பார்த்தாள். அவள் வலது கை தானாக எழுந்து போய் வாயைப் பொத்தியது. பொத்தியதும், அந்தக் கைதான் அந்தத் தோலைத் தொட்ட கை என்று ஞாபகம் வந்திருக்க வேண்டும், நெருப்பைத் தொட்டவள் மாதிரி உதறினாள்.

"எப்ப தெரியும்?" என்று கேட்டது அவள் இல்லை. வாப்பா வாசலில் நின்றிருந்தார். நான் எழுந்த வேகத்தைப் பார்த்து, உடம்பு முடியவில்லையோ என்று பின்னாலேயே வந்திருக்கிறார்.

"மகள், நீங்க எப்ப கண்டீங்க?" குரல் உயரவில்லை.

"வந்த அன்னிக்கே" என்றேன்.

அவர் கை இடுப்புப் பட்டிக்குப் போயிற்று. "அப்ப, ஜும்ஆக்கு முந்தியே" என்றார். பட்டியை அவிழ்த்துக் கீழே வைத்துவிட்டுக் குளிக்கப் போனார். வந்து, பாயை விரித்துத் தொழ நின்றார். மத்தியானத் தொழுகையை முதலிலிருந்து திரும்பத் தொழுகிறார் என்று ஒரு மாமி மெதுவாகச் சொன்னார்.

ரிஸ்னா வாளியில் தண்ணீர் பிடித்துத் தோட்டத்து மண்ணைப் போட்டுக் கலக்கினாள். பன்றி பட்டதை ஏழு தடவை கழுவ வேண்டும், அதில் ஒரு தடவை மண் கலந்த நீரில். அதுதான் அவர்கள் சட்டம். முதலில் வாய், பிறகு கைகள், பிறகு மேசை, கத்தி, குத்தூசி, பல்லுளி. ஒவ்வொன்றாகத் தேய்த்தாள், கழுவினாள், திரும்பத் தேய்த்தாள். எஃகுச் சாமானைத் தண்ணீரில் போட்டால் துருப்பிடிக்கும், உடனே துடைத்து எண்ணெய் போடு என்பது என் உபதேசங்களில் ஒன்று. நாக்கு நுனி வரை வந்தது. முதல் தடவையாக அதை விழுங்கினேன்.

"போன்ல நீங்க தெரியாமச் சொன்ன" என்றாள் என்னைப் பார்க்காமல். "அது எனக்கு வெளங்குது. யாருக்கும் நடக்கும். வந்த அண்டைக்கே சொல்லி ஈந்தா, அழுதிருப்பன், கழுவியிருப்பன், ரெண்டு நாள்ல வேற ஒண்டு தச்சும் குடுத்திருப்பன். நீங்க கடையில தலையாட்டின, தாத்தா. நான் சொல்லச் சொல்லத் தலையாட்டின."

நான் ஓடிப்போய் என் பெட்டியைத் திறந்தேன். அவளுக்கென்று கொண்டுவந்த ஆட்டுத் தோல் அடியில் இருந்தது. நானே தோல் ஷாப்பில் நின்று பார்த்து வாங்கியது, சத்தியமாக ஆடு. "ராத்திரிக்குள்ள ரெண்டு பேருமாச் சேர்ந்து தைச்சிடலாம்மா, நான் வெட்டித் தர்றேன்" என்று மேசையில் விரித்தேன். அவள் அந்தத் தோலைப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள். இது என்ன தோல் என்று அவள் கேட்கவில்லை. கேட்டிருந்தாலும் நான் என்ன சொல்வது? ஆடுதான் என்ற பதிலை ஏற்கெனவே சொல்லி முடித்துவிட்டேனே. "வேணாம்" என்றாள். தோலைச் சுருட்டினேன்.

சனிக்கிழமை காலை வாப்பா கிளம்பினார். இடுப்பில் பக்கத்து வீட்டு ஹாஜியார் இரவல் கொடுத்த பச்சைத் துணிப் பட்டி. எல்லோரிடமும் விடைபெற்று, என்னிடமும் வந்தார். "மகள், உங்களுக்கும் கேப்பன்" என்றார். அந்தப் பெரிய மனசு என்னை இன்னும் நொறுக்கியது. திட்டியிருந்தால் தேவலை.

அவர் வேன் போனதும் நானும் பெட்டியைத் தூக்கினேன். இன்னும் இரண்டு நாள் தங்கி, பேராதனைத் தோட்டம் பார்க்கிற திட்டம் இருந்தது. அந்தப் பேச்சை அவளும் எடுக்கவில்லை, நானும் எடுக்கவில்லை. ஆனால் வழிச் சாப்பாடு கட்டியிருந்தாள். இடியப்பம், பலாக்கொட்டைக் கறி. பஸ் நிறுத்தம் வரைக்கும் குடை பிடித்துக் கூடவே வந்தாள். இந்த ஊரில் மனிதர்கள் விருந்தாளியை அப்படித்தான் அனுப்புகிறார்கள், என்ன நடந்திருந்தாலும்.

ஊர் வந்ததும் குழுவில் என் பழைய உபதேசத்துக்கு மேலே ஒரு வரி சேர்த்தேன்: கத்தியும் ஊசியும் பிறகு, முதலில் எந்த மிருகம் என்று கேள், சொல்கிறவரை நம்பாதே, துளையைப் பார். எல்லோரும் கைதட்டினார்கள். ரிஸ்னா குழுவில்தான் இருக்கிறாள். அதைப் பார்த்திருக்கிறாள் என்றும் தெரிந்தது. ஒன்றும் எழுதவில்லை. கழுவிய பல்லுளிக்கு எண்ணெய் போட்டாளா, இல்லை அப்படியே விட்டுவிட்டாளா என்று கேட்க எனக்கும் தைரியம் வரவில்லை.

கிளம்பிய அன்றைக்கு அக்குறணையில் பஸ் வந்து நின்றதும் அவள்தான் என் பெட்டியைத் தூக்கி உள்ளே வைத்தாள். இறங்கி, ஜன்னல் பக்கம் வந்து, சாப்பாட்டுப் பொதியை நீட்டினாள். நான் அவள் கையைப் பிடித்துக்கொண்டு மன்னித்துவிடு என்றேன். அவள் கையை மெதுவாக எடுத்துக்கொண்டு, முறைப்படி, மரியாதையாகச் சொன்னாள்.

"கவனமாப் போங்க, மிஸ்."